மறதி நோய்: மூளைக்குள்ளே பார்க்கும் மருத்துவம்

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திண்ணைக்கு வந்து உட்கார்ந்த பெரியவர், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, "காலையிலிருந்து எனக்கு யாரும் சோறு போடலை" என்பார். கேட்டவர் அதை அப்படியே நம்பி நாலு பேரிடம் சொல்வார். பழி மருமகள் தலையில் விழும். மகன் கோபத்தில் கத்துவான். ஒரு குடும்பமே நிம்மதி இழந்துவிடும்.

இத்தனைக்கும் அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. மருமகளும் அவரைப் பட்டினி போடவில்லை. சாப்பிட்ட நிகழ்ச்சியை அவரது மூளை பதிவு செய்யவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை.

'வயதானால் மறதி வரத்தான் செய்யும்' என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவதே நம் வழக்கம். மருத்துவ உலகம் அப்படி ஒதுக்கவில்லை. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் உயிரோடிருக்கும் மனிதரின் மூளைக்குள் இந்நோயை நேரில் காணும் வழியை அது கண்டுபிடித்திருக்கிறது. நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகளும் வந்துள்ளன. அவை எவை, அவற்றால் ஆவதென்ன, ஆகாததென்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதல் நோயாளி

1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அவுகுஸ்தே டெட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51. கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். பெயரை எழுதச் சொன்னால் எழுத முடியவில்லை. அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், கேள்விகளையும் பதில்களையும் ஒன்று விடாமல் குறித்துவைத்தார்.

1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தார். அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர் இரண்டு மாற்றங்களைக் கண்டார். ஒன்று, நரம்பு செல்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. மற்றொன்று, செல்களுக்கு உள்ளே நூல் சிக்கல் போன்ற முடிச்சுகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்லின் என்ற மனநல மருத்துவர் தமது பாடநூலில் இந்நோய்க்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'டிமென்ஷியா' என்பது நினைவும் சிந்தனையும் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குன்றிப்போகும் நிலை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது அல்சைமர் நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் காரணம் அல்சைமர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மூளைக்குள் நடப்பது என்ன?

அல்சைமர் கண்ட திட்டு எதனால் ஆனது என்பது தெரிய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளென்னரும் வோங்கும் அதிலுள்ள புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதுவே 'அமிலாய்டு பீட்டா'. நரம்பு செல்லின் மேலுறையில் உள்ள ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டுப்பட்டு விழும் சிறு துண்டு இது. எல்லாருடைய மூளையிலும் இது உருவாகிறது. உருவாகும் வேகத்தில் அகற்றவும் படுகிறது. அகற்றும் வேலை பின்தங்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிந்துவிடுகின்றன.

செல்லுக்குள் இருந்த முடிச்சு 'டௌ' என்ற மற்றொரு புரதம். நீண்ட நரம்பு இழைக்குள் சரக்குகளைக் கொண்டுசெல்லும் குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது இதன் இயல்பான வேலை. நோயில் இது குழாயை விட்டுக் கழன்று தன்னோடு தானே சுற்றிக்கொள்கிறது. செல்லின் போக்குவரத்து நின்று, செல் மெல்ல மடிகிறது.

டௌ முடிச்சுகள் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும். புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் இடம் அது. காலையில் நடந்தது மறந்துபோக, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது நாள் நேரத்தோடு நினைவிருப்பதன் காரணம் இதுதான். 'பழைய கதையெல்லாம் நினைவிருக்கிறது, இது மட்டும் மறக்குமா? எல்லாம் நடிப்பு' என்று வீட்டில் சொல்கிறார்களே, அதற்கான விடையும் இதில் இருக்கிறது.

படம்பிடிக்கும் கருவிகள்

சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு மூளையைக் குறுக்குவாட்டில் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. வலுவான காந்தப் புலமும் வானொலி அலையும் கொண்டு, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சைகைகளைப் படமாக்குகிறது. இவ்விரண்டும் மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, ரத்தக் கசிவு, பக்கவாதத் தழும்பு, ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பது ஆகியவற்றை இவற்றில் பார்க்கலாம். ஆனால் அமிலாய்டு படிவு இவற்றில் தெரியாது.

2000ஆம் ஆண்டுவாக்கில் நிலைமை இப்படித்தான் இருந்தது. ஒருவருக்கு அல்சைமர் என்று மருத்துவர் சொன்னால் அது கணிப்பு மட்டுமே. உறுதிப்படுத்த வேண்டுமானால் அவர் இறந்தபின் மூளையை அறுத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளங்க், செஸ்டர் மாதிஸ் இருவரும் இந்தத் தடையை உடைத்தனர். ஆய்வகத்தில் மூளைத் திசுவின் அமிலாய்டைச் சாயமேற்றிப் பார்க்க 'தயோஃபிளாவின்' என்ற சாயம் பயன்பட்டு வந்தது. அந்தச் சாயத்தின் வேதி அமைப்பைச் சற்று மாற்றி, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும்படி செய்தார்கள். அதோடு கதிரியக்கம் கொண்ட கார்பன் அணுவையும் இணைத்தார்கள். நரம்பு வழியாக ஊசியில் செலுத்தினால் அது மூளைக்குள் சென்று அமிலாய்டைப் பற்றிக்கொள்ளும். அங்கிருந்து வரும் கதிர்களை 'பெட்' ஸ்கேன் கருவி படமாக்கும். 2002இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் இது முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இறந்தபின் மட்டுமே தெரிந்த ஒன்று உயிரோடிருக்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு சிக்கல் எஞ்சியது. அந்தக் கார்பன் அணுவின் கதிரியக்கம் இருபதே நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரிக்கும் ஆலை மருத்துவமனைக்குள்ளேயே இருந்தால்தான் பயன்படும். பின்னர் சுமார் 110 நிமிடம் தாக்குப்பிடிக்கும் ஃபுளூரின் அணுவைக் கொண்ட மருந்துகள் வந்தன. அவற்றில் முதலாவதற்கு அமெரிக்க அரசு 2012இல் ஒப்புதல் தந்தது. 2020இல் டௌ முடிச்சுகளைக் காட்டும் மருந்தும் ஒப்புதல் பெற்றது.

படங்கள் சொன்ன செய்தி

இந்தப் படங்கள் மருத்துவர்களின் பல எண்ணங்களை மாற்றின.

முதலாவது: அமிலாய்டு படிவது மறதி தொடங்குவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. எழுபது வயதில் தெரியும் நோயின் விதை ஐம்பதுகளில் விழுந்திருக்கிறது.

இரண்டாவது: படிவு இருப்போர் எல்லாருக்கும் மறதி இல்லை. நல்ல நினைவாற்றலுடன் வாழும் முதியவர்கள் பலரிடமும் அமிலாய்டு காணப்பட்டது. ஆனால் டௌ பரவும் இடமும் அளவும் நோயின் கடுமையோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன. ஆகவே அமிலாய்டு நோயைத் தொடக்கிவைக்கிறது, டௌ அதை முன்னெடுத்துச் செல்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

மூன்றாவது: மருத்துவர்களின் கணிப்பு பல நேரம் தவறியிருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 11,400 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெட் ஸ்கேன் முடிவைப் பார்த்தபின் நான்கில் ஒருவருக்கு 'அல்சைமர்' என்ற முடிவு 'அல்சைமர் அல்ல' என மாற்றப்பட்டது.

மருந்துகள்: உண்மை எவ்வளவு?

அமிலாய்டை அகற்றினால் நோய் நிற்குமா? பல மருந்துகள் இந்தக் கேள்வியோடு வந்து தோற்றன. 2021இல் அடுகானுமாப் என்ற மருந்துக்கு, ஆலோசனைக் குழு எதிர்த்த பிறகும் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. குழுவில் மூவர் பதவி விலகினர். 2024இல் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது.

ஆய்வுலகின் நேர்மைக்கும் சோதனை வந்தது. அமிலாய்டின் ஒரு வடிவமே நினைவிழப்புக்குக் காரணம் என்று 2006இல் 'நேச்சர்' இதழில் வந்து பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, அதன் படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரியவந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. இதனால் அமிலாய்டு பற்றிய அடிப்படைச் சான்றுகள் பொய்த்துவிடவில்லை. மரபணுச் சான்றுகள் தனியே நிற்கின்றன. ஆனாலும் அறிவியல் உலகம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

2023 ஜூலையில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் சற்று வேறு கதை. இரு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றப்படும் மருந்து இது. நோயின் தொடக்க நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டது. 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில், மருந்து பெறாதோர் 1.66 புள்ளியும் பெற்றோர் 1.21 புள்ளியும் சரிந்தனர். சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது என்று இதைச் சொல்கிறார்கள். புள்ளிக் கணக்கில் வேறுபாடு 0.45 மட்டுமே. போன நினைவு திரும்புவதில்லை, நோய் நிற்பதுமில்லை. மருந்து பெற்றோரில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. சிறு ரத்தக் கசிவுகளும் உண்டு. எனவே அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்தே மருந்தைத் தொடர வேண்டும். அறிமுகமானபோது அமெரிக்காவில் ஓராண்டு மருந்தின் விலை 26,500 டாலர்.

2024 ஜூலையில் ஒப்புதல் பெற்ற டொனனெமாப் மாதம் ஒருமுறை ஏற்றப்படுகிறது. பெட் ஸ்கேனில் படிவு நீங்கிவிட்டது தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

பெட் ஸ்கேன் செலவு மிகுந்தது. எல்லா ஊரிலும் கிடைக்காது. இதற்கு மாற்றாக ரத்தப் பரிசோதனை வந்துகொண்டிருக்கிறது. டௌ புரதத்தின் ஒரு மாற்று வடிவத்தையும் அமிலாய்டையும் ரத்தத்தில் அளந்து ஒப்பிடும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. மறதிக்கான அறிகுறி உள்ளவர்களுக்கே அது உரியது. அறிகுறி இல்லாதவர் ஆர்வத்துக்காகச் செய்து பார்ப்பதற்கு உரியதன்று.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

இந்தச் செய்திகளை அறிந்து நமக்கு என்ன பயன்?

மறதி என்றவுடன் அல்சைமர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள், கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துத் தெரியும் ரத்தக் கட்டு, இவையெல்லாம் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவும் சிகிச்சையால் சீராகக் கூடியவை. சில ரத்தப் பரிசோதனைகளும் ஒரு சாதாரண ஸ்கேனும் இவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வயதாகிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்திருந்தால், குணமாகக் கூடிய நோயையும் நாமே முற்றவிட்டவர்களாகிறோம்.

மருத்துவரிடம் போகும்போது பெரியவரோடு கூடவே இருப்பவர் போக வேண்டும். மறதி எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென வந்ததா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. 'நினைவாற்றல் திரும்பும்' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளிலும் லேகியங்களிலும் பணத்தைத் தொலைக்க வேண்டாம். கோடிகளைக் கொட்டி நடந்த ஆய்வுகளே 0.45 புள்ளியைத்தான் பெற்றுத் தந்தன.

தடுப்பதிலும் நம் பங்கு உண்டு. லான்செட் ஆணையம் 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் பருமன், உடலுழைப்பின்மை, கல்விக் குறைவு, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையே அவை. காது கேட்காத பெரியவருக்கு ஒரு காது கருவி, கண்புரைக்கு ஒரு அறுவை சிகிச்சை, மாலையில் நாலு பேரோடு பேச ஓர் இடம். இவை நம் கைக்கு எட்டக் கூடியவை. நடுவயதிலேயே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் அப்படித்தான். விதை ஐம்பதுகளில் விழுகிறது என்று மேலே கண்டோம் அல்லவா?

இனி திண்ணையில் இருக்கும் அந்தப் பெரியவரிடம் வருவோம். 'இப்போதுதானே சாப்பிட்டீர்கள்?' என்று வாதாடிப் பயனில்லை. பதிவாகாத ஒன்றை அவரால் எப்படி நினைவுகூர முடியும்? 'இதோ எடுத்து வருகிறேன்' என்று சொல்லிச் சிறிது பழமோ, பாலோ கொடுத்து, அவருக்குப் பிடித்த பழைய பேச்சில் கவனத்தைத் திருப்பலாம். தெருவில் உள்ளவர்களிடமும் நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவைக்கலாம். ஒளித்து வைத்தால் மருமகள் மீது வீண்பழிதான் மிஞ்சும். அவர் பேச்சைக் கேட்டு நாலு பேரிடம் சொல்லப் போகிறவர் நாமாக இருந்தால், சொல்லும் முன் அந்த வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்து விசாரிப்பதே நியாயம்.