பந்தும் கிண்ணமும் இடம் மாறியபோது

தேய்ந்த தோளை மாற்றிக்கொண்டு எழுபது வயதிலும் நீந்தப் போகிறார்கள். அதற்குக் கைகொடுக்கும் செயற்கைத் தோள் விளையாட்டை நினைத்துப் பிறந்ததல்ல. 1893இல் பாரிஸில் ஜூல் பெயான் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த 37 வயதுக்காரரின் கையை வெட்டாமல் காப்பாற்ற அதைப் பொருத்தினார். பிளாட்டினத் தண்டு, பாரஃபினில் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் தலை. செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். சுமார் இரண்டு ஆண்டுகளில் கிருமித்தொற்றால் அதை எடுத்துவிட்டார்கள்.

பிறகு நீண்ட இடைவெளி. 1950களில் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் சார்லஸ் நீர், எலும்பு நொறுங்கியவர்களுக்கு உலோகத் தலை பொருத்தினார். மூட்டுவாதத் தோள்களில் கண்ட பலனை 1974இல்தான் விரிவாக எழுதினார்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் அதனாலும் விடிவில்லை: மூட்டு தேய்ந்ததோடு, அதைச் சுற்றியுள்ள தசைநாண்களும் கிழிந்துபோன முதியவர்கள். தசைநாண் பிடித்து நிறுத்தாததால் கையெலும்பின் பந்து மேலே வழுகும். சட்டை மாட்டக்கூடக் கை எழாது. 1985இல் பிரான்சின் டிஜோன் நகரில் போல் கிராமோன் என்ற அறுவை மருத்துவர் இயற்கையின் அமைப்பையே புரட்டினார். பந்தைத் தோள்பட்டை எலும்பில் பதித்தார், கிண்ணத்தைக் கையெலும்பில் வைத்தார். மூட்டின் சுழல்மையம் உள்ளே தள்ளிப்போனது, கை சற்றே கீழிறங்கியது. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு இழுவிசை கூடி, கிழிந்த தசைநாண்களின் துணையின்றியே கையைத் தூக்கும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. வயதானால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கைவிடப்பட்டவர்களுக்காக ஒருவர் இவ்வளவு தூரம் யோசித்தார் என்பதே எனக்கு இக்கதையின் உயிர்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் போன்ற வட்டாரத்தில் இது வெறும் மருத்துவ வரலாறு அல்ல. குடியிருப்புப் பேட்டைக்கென்றே சிங்கப்பூரில் எழுந்த முதல் விளையாட்டு வளாகம் 1970இல் இங்கேதான் வந்தது, நீச்சல்குளத்தோடு. அன்று அதில் குதித்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். வலி போனால் போதும் என்று அவர்கள் நிற்பதில்லை; எப்போது தண்ணீரில் இறங்கலாம் என்பதே கேள்வி.

அறுவைக்குப் பின் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும். பிறகு இயன்முறைப் பயிற்சி, அதன்பின் மெல்ல வலுவேற்றல். நீச்சலும் கோல்ஃபும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில். முதலில் தவளை நீச்சல். கையைத் தலைக்குமேல் வீசும் நீச்சல் அதற்கும் பிறகு. புரட்டிப்போட்ட மூட்டுக்காரர்கள், கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையைச் செருகும்போது தொடக்க மாதங்களில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். மூட்டு நழுவ வாய்ப்புள்ள கோணம் அதுதான்.