வேகம் மட்டுமே அளவுகோல் அல்ல: சென்னை ஐஐடியின் ‘சக்தி’ நுண்செயலிகள் காட்டும் வேறுபாடு

ஒரு கணினியின் திறனை அதன் நுண்செயலியின் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளைகள் நிறைவேறுகின்றன, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பவையும் செயல்திறனைத் தீர்மானிக்கின்றன. சென்னை ஐஐடி உருவாக்கிவரும் ‘சக்தி’ நுண்செயலி வரிசை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

கட்டளைத் தொகுப்பு

நுண்செயலி புரிந்துகொள்ளும் அடிப்படை ஆணைகளின் பட்டியலே கட்டளைத் தொகுப்பு எனப்படுகிறது. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 தொகுப்பு இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் வசம் உள்ளது. கைப்பேசிகளில் இடம்பெறும் ஆர்ம் தொகுப்புக்கு உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் தொகுப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ‘சக்தி’ இதனையே அடிப்படையாகக் கொண்டது.

மூன்று வகைகள்

‘இ’ வகை, ஒரு கட்டளையை 3 கட்டங்களில் நிறைவேற்றுகிறது. உணரிகள் போன்ற சிறு கருவிகளுக்கு ஏற்றது. ‘சி’ வகை 5 கட்டங்களைக் கொண்டது. லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கவல்லது. இவ்விரண்டும் கட்டளைகளை வரிசைப்படியே நிறைவேற்றுகின்றன. ‘ஐ’ வகையோ, ஒரு கட்டளை நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும்போது, ஆயத்தமாக உள்ள அடுத்த கட்டளைகளை முன்னதாகவே முடித்துவிடுகிறது. எனவே அதே துடிப்பு வேகத்திலும் கூடுதல் பணி நடைபெறுகிறது. ஆனால் சில்லின் பரப்பும் மின்செலவும் உயர்கின்றன. மின்கலத்தில் இயங்கும் உணரிக்கு இத்திறன் வீண் சுமையே.

தயாரிப்பு நுட்பம்

வடிவமைப்பு ஒன்றாயினும், தயாரிக்கப்படும் ஆலையைப் பொறுத்துத் திறன் மாறும். 2018-இல் ‘சி’ வகையைச் சேர்ந்த இரு சில்லுகள் வெளிவந்தன. ‘ரைஸ்கிரீக்’ அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், ‘ரிமோ’ சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் தயாரிக்கப்பட்டன. டிரான்சிஸ்டர்கள் சிறிதாகும்போது அதே பரப்பில் அதிக எண்ணிக்கையில் அடங்கும். விரைவாகவும் குறைந்த மின்சாரத்திலும் இயங்கும்.

எனினும் பழைய நுட்பம் பயனற்றதன்று. விண்வெளிப் பயன்பாட்டில் வேகத்தைவிடப் பிழையின்றி இயங்குவதே முதன்மையானது. இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் 2025 பிப்ரவரியில் அறிவித்த ‘ஐரிஸ்’ சில்லு, மொகாலி ஆய்வகத்திலேயே தயாரானது.

எஞ்சியுள்ள இடைவெளி

வடிவமைப்பில் இந்தியா தற்சார்பை நெருங்கினாலும், அதிநவீனச் சில்லுகளின் தயாரிப்புக்கு இன்னும் வெளிநாட்டு ஆலைகளையே நாட வேண்டியுள்ளது. குஜராத்தின் தோலேராவில் டாடா குழுமம் அமைத்துவரும் ஆலை 28 நானோமீட்டர் வரையிலான சில்லுகளைத் தயாரிக்கத் திட்டமிடப்பட்டது. அதற்கான அடிக்கல் 2024 மார்ச்சில் நாட்டப்பட்டது.