ஒன்ராறியோ பாதுகாவலர் உரிமத் தேர்வு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சம்பளத்துக்குப் பாதுகாவலராக வேலை செய்ய அரசின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் தேறவேண்டிய எழுத்துத் தேர்வே பாதுகாவலர் உரிமத் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் 60 வினாக்கள், 75 நிமிடங்கள், தேறுவதற்கு 62 விழுக்காடு என்பது அதன் அமைப்பு. கடைவாசல், அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்மேசை, மருத்துவமனை, கட்டட வேலைத்தளம், மதுக்கூட வாசல் என எங்கே நிற்கப் போகிறவருக்கும் ஒரே தேர்வுதான்.

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் குடியேறிய ஈழத் தமிழருக்கு இது பழகிய விஷயம். வந்த புதிதில் கைக்கு எட்டும் வேலைகளில் 'செக்கியூரிட்டி'யும் ஒன்று. இரவு வேலையாக எடுத்துக்கொண்டு பகலில் படிக்கலாம் என்பதால் மாணவர்களும் இதை நாடுகின்றனர்.

தேர்வு வந்த வழி

1966ஆம் ஆண்டின் பழைய சட்டம், பாதுகாவலர்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனங்களின் ஆட்களிடம் மட்டுமே உரிமம் கேட்டது. ஒரு கடையோ ஆலையோ நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட காவலர்களும், மதுக்கூட வாசலில் நிற்கும் 'பவுன்சர்'களும் அதற்கு வெளியே இருந்தனர். பயிற்சி கட்டாயம் இல்லை. 1999 செப்டம்பரில் ஸ்காபரோவில் ஒரு பேரங்காடியின் வெளியே, திருட்டுச் சந்தேகத்தில் கடை ஆட்களும் காவலர்களும் பிடித்து அமுக்கிவைத்த பற்றிக் ஷாண்ட் என்பவர் உயிரிழந்தார். 2004இல் நடந்த மரண விசாரணையின் யூரிமார் 22 பரிந்துரைகளை முன்வைத்தனர். எல்லாப் பாதுகாவலருக்கும் உரிமம், பலப் பிரயோகம் பற்றிய பயிற்சி, முதலுதவிப் பயிற்சி ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

அதைத் தொடர்ந்து வந்ததே 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு மற்றும் புலனாய்வுச் சேவைகள் சட்டம். அது 2007 ஆகஸ்ட் 23இல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சியும் தேர்வும் கட்டாயமானது 2010 ஏப்ரல் 15 முதல். இந்த வரலாறு மனப்பாடத்துக்காக அல்ல. கவிழ்த்துப் படுக்கவைத்து மேலே அழுத்தினால் ஒருவருக்கு எப்படி மூச்சு முட்டும் என்பது பாடத்திட்டத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்பவருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தகுதியும் பயிற்சியும்

விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கனடாவில் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும். விதிகளில் குறிப்பிட்ட குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது. இவற்றோடு, மாகாண அரசு ஏற்றுக்கொண்ட பயிற்சியாளரிடம் குறைந்தது 40 மணி நேரம் பயில வேண்டும். அவசரநிலை முதலுதவிச் சான்றிதழும் இந்த 40 மணி நேரத்துக்குள் அடங்கும். பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு முடிவெண் வழங்குவார். அந்த எண் இல்லாமல் தேர்வுக்குப் பெயர் பதிய முடியாது. ஆகவே பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் முன் அது அரசின் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதே ஆயத்தத்தின் முதற்படி.

பாடத்திட்டத்தில் துறை அறிமுகம், உரிமச் சட்டமும் நடத்தை விதிக்கோவையும், அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறை, அறிக்கை எழுதுதல், தொழிற் சுகாதாரம், அவசரநிலை ஆயத்தம், கனடாவின் சட்ட அமைப்பு, சட்ட அதிகாரங்கள், தொடர்பாடல், பன்மை உணர்வு, பலப் பிரயோகக் கோட்பாடு ஆகியவை இடம்பெறுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கிப் படிப்பவர்கள் பெரும்பாலும் சட்ட அதிகாரங்களில்தான் சறுக்குகிறார்கள்.

கைது செய்யும் அதிகாரம்

பாதுகாவலர் பொலிஸ்காரர் அல்லர். சீருடை அணிந்தாலும் சாதாரணக் குடிமகனுக்கு இருப்பதைவிட அதிகமான கைது அதிகாரம் அவருக்குக் குற்றவியல் கோவையில் இல்லை. தேர்வின் ஆணிவேர் இந்த ஒரு வாக்கியம். வினாக்களில் பல, 'இந்தச் சூழலில் நீ என்ன செய்வாய்' என்ற வடிவில் வருகின்றன. துரத்திப் பிடிப்பது, மடக்கி விழுத்துவது போன்ற துணிச்சலான விடைகள் பட்டியலில் கவர்ச்சியாக நிற்கும். சரியான விடை பெரும்பாலும் அடக்கமானது: கவனி, தடு, அறிவி, குறித்து வை.

குற்றவியல் கோவையின் 494ஆம் பிரிவு யாரும் யாரையும் எப்போது கைது செய்யலாம் என்று சொல்கிறது. நேரடியாகச் செய்துகொண்டிருக்கக் காணப்பட்ட பாரதூரமான குற்றம் ஒன்று. குற்றம் செய்தவர் என நம்ப நியாயமான காரணம் உள்ள ஒருவர் தப்பி ஓட, கைது அதிகாரம் உள்ளவர்கள் அவரை உடனடியாகத் துரத்திக்கொண்டு வருவது மற்றொன்று. சொத்தின் உரிமையாளருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும், அந்தச் சொத்திலோ சொத்துத் தொடர்பாகவோ எந்தக் குற்றம் நடக்கக் கண்டாலும் கைது செய்ய இடமுண்டு. கடை, கட்டடம் காக்கும் பாதுகாவலர் நிற்பது இந்த மூன்றாவது இடத்தில்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'காணுதல்'. உதாரணமாக, கடைக்குள் ஒருவர் ஷாம்பூப் போத்தலை எடுத்துத் தன் பைக்குள் வைப்பதைப் பாதுகாவலர் காண்கிறார். அந்த ஆள் அடுத்த வரிசைக்குத் திரும்பி ஒரு நிமிடம் கண்ணுக்கு மறைகிறார். பிறகு காசாளரைக் கடந்து வெளியேறுகிறார். மறைந்த அந்த ஒரு நிமிடத்தில் போத்தலை வேறு தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பையைத் திறந்து பார்த்துப் போத்தல் இல்லை என்றால் அது தவறான கைது. அதனால்தான் எடுத்ததையும் மறைத்ததையும் கண்டு, இடையில் கண்ணெடுக்காமல் தொடர்ந்து, பணம் கட்டாமல் வாசலைத் தாண்டுவதையும் கண்ட பிறகே அணுக வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். வேறொரு ஊழியர் 'அவன் எடுத்ததை நான் பார்த்தேன்' என்று சொல்வது பாதுகாவலர் கண்டதாகாது.

குற்றம் நடந்த கணத்தில்தான் கைது செய்ய முடியும் என்ற பழைய வரம்பைத் தளர்த்த வழிவகுத்தது ஒரு ரொறன்ரோ வழக்கு. 2009இல் சைனாடவுனில் மளிகைக்கடை நடத்திய டேவிட் சென், தன் கடையில் திருடியவர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தபோது பிடித்துக் கட்டிவைத்ததற்காகத் தானே குற்றஞ்சாட்டப்பட்டு, 2010இல் விடுதலையானார். 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பொலிஸார் கைது செய்வது சாத்தியமில்லை என நம்ப நியாயம் இருந்தால், சொத்தின் உரிமையாளரோ அவர் சார்பில் நிற்பவரோ நியாயமான கால இடைவெளிக்குள்ளும் கைது செய்யலாம். எப்படிக் கைது செய்தாலும் பிடித்தவரை உடனே பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். கைதின் காரணத்தையும் சட்டத்தரணியை நாடும் உரிமையையும் அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

5,000 டொலருக்குக் குறைந்த திருட்டு சிறு குற்றம்தானே என்று குழம்புவோர் உண்டு. அது இரு வழியிலும் வழக்குத் தொடரக்கூடிய குற்றம். அரச தரப்பு தன் வழியைத் தெரிவு செய்யும்வரை அதைப் பாரதூரமான குற்றமாகவே சட்டம் கருதுகிறது.

அத்துமீறல் சட்டம்

நடைமுறை வேலையில் குற்றவியல் கோவையைவிட அதிகம் கைகொடுப்பது மாகாணத்தின் சொத்து அத்துமீறல் சட்டம். நுழையக்கூடாத இடத்தில் நுழைவது, அனுமதிக்கப்படாத செயலைச் செய்வது, வெளியேறச் சொன்ன பிறகும் உடனே போகாதிருப்பது மூன்றும் இதன்படி குற்றம். தண்டப்பணத்தின் உச்சம் 10,000 டொலர். இங்கே, ஒருவர் அத்துமீறி நிற்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே இடத்துக்குப் பொறுப்பானவரும் அவர் அதிகாரம் கொடுத்தவரும் கைது செய்யலாம். கோவையில் காண வேண்டும், இங்கே நியாயமாக நம்பினால் போதும் என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்தவருக்குப் பல வினாக்கள் சுலபமாகிவிடும்.

தடை அறிவிப்பு வாயால் சொன்னதாகவும் இருக்கலாம், எழுதிய பலகையாகவும் இருக்கலாம், நிற அடையாளமாகவும் இருக்கலாம். சிவப்பு அடையாளம் நுழைவே கூடாது என்பது. மஞ்சள், குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் அனுமதி என்பது. பயிர் நிலம், தோட்டம், புல்வெளி, பழத்தோட்டம், வேலியிட்ட இடம் ஆகியவற்றுக்குப் பலகையே வேண்டாம்; அறிவிப்பு இல்லாமலே நுழைவு தடை. ஆனால் நேர்மையான காரியமாக வீட்டு வாசற்கதவுவரை நடந்து வருபவரை அத்துமீறியவராகக் கொள்வதில்லை. வேலியும் பலகையும் பற்றிய இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நகரத்துக் கட்டடத்தில் நிற்கப்போகிறவருக்குத் தோன்றலாம். வினாத்தாளுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

பலப் பிரயோகம்

கோவையின் 25ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த காரியத்துக்குத் தேவையான அளவு பலத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. அடுத்த பிரிவான 26, அளவை மீறினால் மீறியவரே குற்றவாளி என்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் ஒத்துழைக்கிறாரா, அசையாமல் மறுக்கிறாரா, திமிறுகிறாரா, தாக்குகிறாரா என்பதைப் பார்த்துப் பதில் மாறவேண்டும். இந்தப் பதில்களை ஓர் ஏணியாகக் கொண்டால், காவலர் அங்கே நிற்பதும் பேசுவதும் அதன் முதற்படிகள். தேர்வில் 'முதலில் என்ன' என்று கேட்டால் பெரும்பாலும் விடை பேச்சுத்தான். பிடித்தவரைக் கவிழ்த்து வைத்து முதுகில் ஏறி அழுத்துவது எந்தக் கட்டத்திலும் சரியான விடையாகாது.

குறிப்புப் புத்தகம்

அறிக்கை எழுதுதல் எளிதில் புள்ளி எடுக்கக்கூடிய பகுதி. குறிப்புப் புத்தகம் நீதிமன்றம்வரை போகக்கூடும் என்பதை நினைத்தாலே அதன் விதிகள் விளங்கும். பேனையால் எழுத வேண்டும். நேரம் 24 மணிக் கணக்கில் இருக்க வேண்டும். தாள் கிழிக்கக் கூடாது, வரி விட்டு எழுதக் கூடாது. இரவு பத்தேகாலுக்கு நடந்ததை 2115 என்று தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல், வெள்ளை மை பூசாமல், ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளை இட்டு, 2215 என்று எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எண் வாசிக்கத் தெரியவேண்டும் என்பதுதான் காரணம். 'அவர் குடித்திருந்தார்' என்பது அபிப்பிராயம். 'மது வாடை வந்தது, பேச்சு குழறியது, சுவரைப் பிடித்து நின்றார்' என்பது அவதானிப்பு. அறிக்கைக்கு வேண்டியது இரண்டாவது.

படிக்கும் முறை

மீதிப் பகுதிகளைப் பொது அறிவோடு கடக்கலாம். எந்த வகைத் தீக்கு எந்தத் தீயணைப்பான் என்பது, ஆபத்தான பொருள்களின் முகப்புக் குறிகள், பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் தொழிலாளர் உரிமை, மனித உரிமைக் கோவை ஆகியவை இவற்றில் அடங்கும். மாகாண அரசு வெளியிட்டுள்ள ஆயத்த வழிகாட்டியும் உரிமச் சட்டத்தின் மூலமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைகளிலும் கைபேசிகளிலும் சுற்றும் 'வினா வங்கி'களை மட்டும் நம்புவது ஆபத்து. வேறு மாகாணத்தின் விதி, திருத்தத்துக்கு முந்திய பழைய விதி எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கும்.

தேர்வு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நடக்கும். தமிழில் சிந்திப்பவருக்குச் சிக்கல் பெரிய சட்டச் சொற்களில் வருவதில்லை. அவற்றை எப்படியும் படித்துவிடுவார். 'ஷல்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் விருப்பம் என்ற சின்னச் சொற்களிலும், வினாவின் நடுவில் ஒளிந்திருக்கும் 'நாட்', 'எக்செப்ட்' போன்றவற்றிலும்தான் புள்ளி போகிறது. ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிடம் உண்டு. வினாவை இருமுறை வாசிக்க அது போதும். 60இல் 38 சரியானால் தேர்ச்சி என்பதால், தெரியாத வினாவில் தேங்கி நிற்காமல் கடந்துபோய்த் திரும்பி வருவது நல்லது.

தேறிய பின்

தேர்வில் தேறியது வேலை செய்ய அனுமதி ஆகாது. மாகாண அரசிடம் விண்ணப்பித்து உரிமம் கைக்கு வந்த பிறகே பணியில் நிற்கலாம். உரிமம் இல்லாமல் வேலை செய்வோருக்கு 25,000 டொலர்வரை தண்டமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நிறுவனமானால் தண்டத்தின் உச்சம் 250,000 டொலர். பணி நேரத்தில் உரிமத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும், யாராவது கேட்டால் தன்னைப் பாதுகாவலர் என்று சொல்ல வேண்டும். மெய்க்காப்பாளர், கடைத் திருட்டைத் தடுக்கச் சாதாரண உடையில் உலவுவோர் நீங்கலாக மற்றவர்கள் சீருடையில் இருக்க வேண்டும். தன்னை 'பொலிஸ்', 'டிடெக்டிவ்', 'ஒபிசர்' என்று அழைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதில்லை.