தாய்க்கிழவியின் வீடு

'தனித்தாய்' என்கிற சொல்லில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. யாரில்லாமல் தனி? புருஷன் இல்லாமல் தனி. தகப்பன், தாய், பிள்ளை என்கிற குடும்பத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதில் ஓர் ஆள் குறைந்தால் எஞ்சுகிற மிச்சத்துக்கு இட்ட பெயர் இது. அம்மா, பெரியம்மா, சித்தி, பாட்டி என நாலைந்து பெண்கள் ஒரே கூரையின்கீழ் இருந்து, அவர்களில் எவருக்கும் கணவன் என்று ஒருவன் அங்கே இல்லாமல், எல்லார் மடியிலும் பிள்ளைகள் வளர்ந்த வீடுகள் தமிழ்நாட்டில் இருந்தன. அங்கே எந்தத் தாயும் தனியாக இல்லை. தேவதாசி வீடுகளைத்தான் சொல்கிறேன். சதிர், கோயில், ஒழிப்பு, மீட்பு என்று அவர்களைப் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. வீட்டைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

வந்துபோகும் ஆணின் இடத்திலிருந்து பார்த்தால் அது 'சின்ன வீடு'. உள்ளே இருந்தவளுக்கு அதுதான் பெரிய வீடு. எந்த வாயிலிருந்து சொல் வருகிறதோ அதற்கேற்ப வீட்டின் அளவும் மாறிவிடுகிறது!

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் கல்லில் இருக்கிறது. இன்ன தளிச்சேரி, இன்ன சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று வரிசை, இன்ன கோயிலிலிருந்து வந்தவள் என்ற குறிப்பு, பிறகு பெயர். ஆளுக்கொரு வீடு, பங்குக்கு 100 கலம் நெல். கணவன் பெயர் கிடையாது. இதிலிருந்து இருபதாம் நூற்றாண்டுத் தாசி வீட்டுக்கு நேர்க்கோடு இழுப்பது தவறு. சோழர்காலக் கோயில் பெண்டிரை வைத்து லெஸ்லி ஓர் அந்தக் கோட்டை நன்றாகவே அறுத்திருக்கிறார். ஆனாலும் ஒரு பெண்ணின் முகவரியைப் புருஷன் பெயர் இல்லாமல் எழுத இந்த மண்ணில் ஒருகாலத்தில் முடிந்திருக்கிறது.

பின்னாளைய வீட்டை அம்ரித் ஸ்ரீநிவாசன் 1980களில் எழுதியவற்றிலிருந்து ஓரளவு கட்டிப் பார்க்கலாம். தலைமை 'தாய்க்கிழவி' எனப்பட்ட மூத்தவளிடம். வரும்படி அவள் கையில், சாதகத்தைக் கண்காணிப்பதும் அவளே. சொத்து பெண்வழி இறங்கியது. பெண் பிறந்தால் கொண்டாட்டம். பையன்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். மருமகளாக வந்தவளுக்கு அடுப்படி. அதாவது 'மனைவி' என்கிற ஸ்தானம்தான் அந்த வீட்டில் கீழ்ப்படி. தலைகீழாக்கப்பட்ட வீடு என்றாலும் அதிலும் படிகள் இருந்தன.

வீணை தனம்மாளின் (1867–1938) குடும்பம் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பைக் கேட்க வித்வான்களே வந்து உட்காருவார்கள். நான்கு மகள்கள். காமாட்சியின் மகள்கள் பிருந்தாவும் முக்தாவும். ஜயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி, ரங்கநாதன், விசுவநாதன். பாட்டு பாட்டியிடமிருந்து வந்தது, அம்மாவிடமிருந்து வந்தது, பெரியம்மா, சித்தியிடமிருந்தும் வந்தது. சங்கீத ஆட்கள் இதைப் 'பாணி' என்கிறார்கள். ஒரு வளர்ப்பு முறை என்று ஏன் சொல்வதில்லை? இவர்களுடைய தலைப்பெழுத்தைப் பாருங்கள். 'டி' என்பது தஞ்சாவூர். தகப்பன் இல்லை, ஊர். எம். எஸ். சுப்புலட்சுமியில் 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. 'உங்கப்பன் பேரு என்னடா?' என்று தெருவில் வசவாகக் கேட்கப்படும் கேள்விக்கு, இந்தத் தலைப்பெழுத்துகள் வாயைத் திறக்காமலே பதில் சொல்லிவிட்டன.

இந்த வீட்டைச் சட்டம் எப்படிப் பார்த்தது? 1860 தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் மைனர் பெண்ணை விபசாரத்துக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. தாசி ஒருத்தி மகளைத் தத்தெடுப்பதே இந்தச் சந்தேகத்துக்குள் வந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 1880இல் மதுரா நாய்கின் வழக்கில் அத்தகைய தத்து செல்லாது என்றது. சென்னை நீதிமன்றம் ஓர் எல்லைவரை ஒப்புக்கொண்டது. 1929 திருத்தம் கோயில் மானிய நிலத்தைப் பணியிலிருந்து விடுவித்து அந்தப் பெண்ணுக்கே ஆக்கியது. நல்லதுதான். ஆனால் பணியோடு நிலம் போனவரை அது பெண்வழியில் நின்றது. தனிச்சொத்தானதும் ஆண் வாரிசுகளுக்கும் வழி திறந்தது. சீர்திருத்தத்தில் அந்தச் சாதி ஆண்களுக்கு என்ன லாபம் என்று அம்ரித் ஸ்ரீநிவாசன் கேட்டது இதனால்தான்.

இருக்கட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'ஆஹா, என்ன அழகான தாய்வழிச் சமூகம்' என்று உருகுவதற்கு நான் வரவில்லை. அந்த வீட்டின் உலை மேல்சாதி மிராசுகளின் பணத்தில் கொதித்தது. பொட்டுக் கட்டும் வயதில் அந்தச் சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் (1883–1962) சிறுமியாக, பணத்துக்காக, ஒரு தாசி வீட்டில் விடப்பட்டவர். தாய்க்கிழவியின் அன்பு எப்படிப்பட்டது என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936இல் வந்த அவருடைய 'தாசிகள் மோசவலை' அந்த வீட்டைக் கண்ணியாகத்தான் காட்டுகிறது. கலை பேசி இந்த நாவலைத் தாண்டிப் போகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் கண்ணியை அறுத்தவர்கள் அந்தப் பெண்களுக்கு எங்கே போக வழிவிட்டார்கள்? 1947 சட்டம் பொட்டுக் கட்டுவதைத் தடுத்து, கட்டப்பட்டவளும் முறைப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றது. ஒரு வழி, மனைவி ஆவது. மற்றொன்று விடுதி. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் எத்தனையோ சிறுமிகளுக்குச் சோறும் படிப்பும் கொடுத்தது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். அவருடைய அம்மா சந்திரம்மாளும் அதே குலத்தில் பிறந்தவர்தான். புருஷனும் பிள்ளையும் இல்லாத ஒரு கிழவியின் பெயர் அந்த இல்லத்துக்கு வாய்த்ததும் எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது வழி ஒன்று எந்த மேடையிலும் பேசப்படவில்லை. பொட்டு வேண்டாம், மிராசு வேண்டாம், விலைக்கு வாங்கிய குழந்தை வேண்டாம். பெண்கள் சேர்ந்திருந்து பிள்ளை வளர்க்கிற வீடு மட்டும் இருக்கட்டும் என்று யாரும் கேட்கவில்லை. சட்டத்தை எதிர்த்தவர்கள் கோயிலுக்காகவும் கலைக்காகவும் மரபுக்காகவும் வாதாடினார்கள். வீட்டுக்கு வக்கீல் கிடையாது.

பம்பாயில் தாசிக்கு மறுக்கப்பட்ட தத்துரிமை, 1956 தத்தெடுப்புச் சட்டத்தில் மணமாகாத இந்துப் பெண் எவருக்கும் கிடைத்தது. மணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015இல் உச்சநீதிமன்றம் சொன்னது. இரண்டும் ஒருத்திக்குக் கிடைத்த உரிமைகள். அவள் தனியாக இருக்கும்வரை செல்லும். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க நினைத்தால், அதே 1956 சட்டத்தின் 11ஆம் பிரிவு குறுக்கே வரும்: ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் இருவர் தத்தெடுக்க முடியாது. பெரியம்மாவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.