கண்டி தாகூருக்குக் கொடுத்தது

1934இல் இரவீந்திரநாத் தாகூர் தம் குழுவுடன் இலங்கை வந்து 'சாப்மோசன்' இசைநாடகத்தை மேடையேற்றினார். சிங்கள இசையை வங்கத்தின் பக்கம் திருப்பியது அந்த வருகையே என்பார்கள். சிங்கள இசைக்கலைஞர் ஆனந்த சமரக்கோன் பின்னர் தாகூரின் சாந்திநிகேதன் கல்விக்கூடத்துக்குச் சென்றதை நினைத்தால் அதில் உண்மையுண்டு. ஆனால் அது பாதிக் கதைதான். கண்டியில் தங்கி 'சார் அத்தியாய்' நாவலை எழுதிய தாகூர், தேடி வராத ஒன்றையும் இலங்கையில் கண்டார்: கண்டிய நடனம். அதைப் பற்றிக் கவிதை எழுதினார். அவருடைய மாணவர் சாந்திதேவ் கோஷ் அதைக் கற்கவே இலங்கை வந்தார்.

பெரிய மனிதரின் பார்வை பட்டதால்தான் அந்த ஆட்டம் மதிப்புப் பெற்றது என்று சிலர் வாதிடலாம். நகரத்துப் படித்தவர்களைப் பொறுத்தவரை அது பொருந்தும். மேளத்தையும் அடவையும் உயிரோடு வைத்திருந்தவர்களோ, கோயில் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்று, பெரஹரா என்னும் கோயில் ஊர்வலத்தில் தலைமுறைகளாக ஆடிய கிராமத்துக் குடும்பத்தார். அந்தச் சந்திப்பில் ஆசான்கள் அவர்களே.