தீ வைத்தவளும் தீ அணைப்பவளும்

இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த குமாவுன் மலைக்காடுகள் 1921ஆம் ஆண்டுக் கோடையில் பற்றி எரிந்தன. தக்லோரிக் காட்டுக்கு வேண்டுமென்றே தீ வைத்ததாகத் துர்கா என்ற பெண்ணுக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பெண்ணை அந்தக் குற்றத்தில் கொண்டு நிறுத்திய காரணத்தைக் காட்டின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1911க்கும் 1917க்கும் இடையில் ஆங்கில அரசு அந்த மலைகளின் பெரும்பகுதியைக் காப்புக்காடாக்கியது. ரயில் பாதைக் கட்டைகளுக்கும் பிசினுக்கும் சீர் பைன் மரம் அதற்குத் தேவைப்பட்டது. ஊராருக்குத் தேவைப்பட்டதோ பாஞ்ச் எனப்படும் ஓக் மரம். மாட்டுக்குத் தழை, வயலுக்கு எரு, சுனைக்கு நீர் எல்லாம் அதன் நிழலில் கிடைத்தன. புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் நாள்தோறும் காட்டுக்குள் போனவர்கள் பெண்கள். புதுப்புல் முளைக்கத் தரையை எரிப்பதும் தழை ஒடிப்பதும் தடைசெய்யப்பட்டபோது, அவர்களின் அன்றாட வேலையே குற்றமாயிற்று. 1921இல் எரிந்தவை பெரும்பாலும் அரசுக்கு வருவாய் தந்த பைன் காடுகள். அகன்ற இலை மரக்காடுகளைத் தீ ஏறக்குறைய தொடவில்லை. இதைக் கண்மூடித்தனமான வெறி என்று எப்படிச் சொல்வது?

அதே ஆண்டு ஜனவரியில் பாகேஷ்வரில் திரண்ட மக்கள், ‘பேகார்’ என்ற கூலியில்லாக் கட்டாய உழைப்பின் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். ஆனால் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியதோடு, காட்டில் உரிமை பெற்றவர்கள் தீயணைக்க உதவியே ஆக வேண்டும் என்றும் விதித்தது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆண்கள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்குப் போய்விட்ட ஊர்களில் அந்தக் கடமை யார் தலையில் விழும்?

2016இல் காடு எரிந்தபோது பீம்தால் ஏரியிலிருந்து நீர் அள்ளிய விமானப்படை ஹெலிகாப்டர்களை நாடே பார்த்தது. பச்சைக் கிளையால் தீயை அடித்து அணைத்த பெண்களை அவ்வளவாகப் பார்க்கவில்லை. புல் கருகிய பின் அடுத்த சரிவுவரை நடக்க வேண்டியவர்களும் அவர்களே. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத் தீயில் வனத்துறைப் பணியாளர்கள் கருகி இறந்தார்கள்.

தீக்கு இரையாவது ‘பிரூல்’ என்னும் உதிர்ந்த பைன் ஊசியிலை. கிலோவுக்கு 3 ரூபாயாக இருந்த அதன் கொள்முதல் விலையை 50 ரூபாயாக்குவதாக 2024 மே மாதம் மாநில அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் காய்ந்த ஊசியிலைக்கு எடையே இல்லை. செங்குத்துச் சரிவில் குனிந்து அதை வாரும் முதுகின் வலியை எந்தத் தராசும் நிறுக்காது.

எந்த மரம் வளர வேண்டும், எப்போது எங்கே தரையை எரிக்கலாம் என்பதைப் பெண்களைக் கேட்காமல் முடிவுசெய்த நூறாண்டுதான் இந்தக் காடுகளைப் பற்ற வைத்திருக்கிறது. தீயணைக்க அவர்களை அழைக்கும் அரசு, அந்த முடிவுகளை எடுக்கவும் அழைக்க வேண்டும்.