ஊருக்கு உபதேசம்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், மொகிலி கணவாய்க்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் இருக்கிறது பலமனேர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைக்கப்பெறும் வரை அது வட ஆற்காட்டைச் சேர்ந்த ஊர். தெலுங்கும் தமிழும் கன்னடமும் அண்டை வீடுகளில் ஒலிக்கும் அப்பகுதியில், ஓயாமல் நீதி புகட்டுவோரைக் கண்டால் தெலுங்கர், “செப்பேவி ஸ்ரீரங்க நீதுலு” என்பர். சொல்வதெல்லாம் ஸ்ரீரங்க நீதிகள் என்பது பொருள். செய்கையோ வேறு என்பது பழமொழியின் பிற்பாதி. எளிய மக்கட் கூட்டமொன்றை இழித்துரைக்கும் அதனை இங்கே எடுத்துரைக்க நாம் விரும்பவில்லை.

இதே பொருளில் தமிழில் நாம் வழங்குவது “ஊருக்கு உபதேசம்” என்னும் தொடர். இச்சொல் இவ்வளவு கசந்து போனது வியப்புக்குரியது. உபதேசம் என்பது குரு தம் மாணாக்கனை அருகழைத்து, அவன் செவியில் மட்டும் மந்திரத்தை ஓதுவதாகும். வேண்டி நின்றவனுக்கே அது கிடைக்கும். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெறுவதற்காக இராமாநுசர் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. பெற்றபின், தமக்கு நரகமே வாய்ப்பினும் பிறர் உய்யட்டும் என்று கருதி, அந்த மந்திரத்தின் பொருளை ஊரார் அனைவரும் அறிய வெளியிட்டார். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஆசாரியர் ஒருவர் ஊருக்கு உபதேசித்த வரலாறு இது! இன்று அதே தொடர் ஏளனமாகிவிட்டது.

பிற்காலத்தில் தரங்கம்பாடியிலும் திருநெல்வேலியிலும் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையார் தம் சமய ஊழியர்க்கு உபதேசியார் என்று பெயரிட்டனர். அங்கே அச்சொல் மதிப்பு குன்றாது நின்றது. ஆகவே பலர் நடுவே சொல்லப்பட்டதனால் மட்டும் உபதேசம் இழிந்துவிடவில்லை. கேளாதவனிடம், தான் ஒரு நட்டமும் ஏற்காமல் சொல்பவன் தோன்றிய பிறகே அது சலிப்பூட்டலாயிற்று என்பது நம் கருத்து. “படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்” என்று தமிழரும் அவனைச் சுடாமல் விடவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தாய்மொழியை மறவாதே என்று நாள்தோறும் பேரனுக்குச் சொல்லுகிறோம். சொல்லி முடித்ததும் கடைக் கணக்கைத் தெலுங்கில் எழுத அமர்கிறோம்; வீட்டிலோ ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை. அவன் “செப்பேவி...” என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டு ஓடினால், அவனைக் கோபிக்க நமக்கு நா எழுமா?